எட்டு ஸ்பூன் சர்க்கரை... நாலு கிலோமீட்டர் நடை!

பௌர்ணமி ராத்திரி. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் பாதிக்கு மேல் நடந்து, மலைக்குப் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலைக்கு வந்தாச்சு. கால் கெஞ்ச, ஒரு டீக்கடை ஓரமா உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பையன், 'இனிமே முடியாதுப்பா' என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆறாங்கிளாஸ். வயசுக்கு மீறின உடம்பு.

"எழுந்திருடா குண்டா! தாத்தாவே நடக்கறாரு பாரு" என்றார் அப்பா. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. பையன் சிரிக்கலை. சமாதானப்படுத்த அம்மா வாங்கிக் கொடுத்தது... 300 மில்லி கோலா!

இன்ஜினீயரிங் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். அந்த பாட்டிலில் சுமார் 32 கிராம் சர்க்கரை, அதாவது எட்டு டீஸ்பூன். கிட்டத்தட்ட 130 கலோரி. அவன் உடம்புக்கு ஒரு கிலோமீட்டர் நடந்தால் 30, 40 கலோரிதான் கரையும். மொத்தம் 14 கிலோமீட்டர் பாதையில் மூணு, நாலு கிலோமீட்டர் அம்போ!

மெதுவா பேச்சுக் கொடுத்தேன். "சோறு கம்மியாத்தான் தம்பி சாப்புடறான். ஸ்கூல் விட்டா டியூஷன், வர்ற வழியில பஃப்ஸ், சிப்ஸ். அப்புறம் செல்லு. வெளிய விட பயமா இருக்கு, ரோடு பூரா வண்டி" என்றார் அம்மா. பி.டி. பீரியட்? பையனே முந்திக்கிட்டான். "அதை மேத்ஸ் மிஸ் எடுத்துக்குவாங்கண்ணா. விளையாட விட்டாலும் என்னை யாரும் டீம்ல சேர்த்துக்க மாட்டாங்க."

இதுல அவன் தப்பு எது, சொல்லுங்க?

இது புதுக்கதையும் இல்லை. சென்னையில் 13 முதல் 18 வயது மாணவர்களிடம் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வு 2002-லேயே வெளியானது. பையன்களில் 17.8, பெண்களில் 15.8 சதவிகிதம் பேருக்கு அதிக எடை. ஓடியாடாதவர்களிடமும் வசதியான வீட்டுப் பிள்ளைகளிடமும்தான் இது கூடுதல். 2025-ல் யுனிசெஃப் சொன்னது இன்னும் 'திக்': 5-19 வயதில், உலக அளவில் எடை குறைந்த பிள்ளைகள் 9.2 சதவிகிதம், உடல் பருமன் உள்ளவர்கள் 9.4. முதல்முறையா தராசு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கு.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கல். குழந்தை கொழுகொழுன்னு இருந்தாத்தான் ஆரோக்கியம்னு பாட்டிங்க நம்புவாங்க. அதே குழந்தை ஸ்கூலுக்குப் போனதும் 'குண்டா'! 'தைராய்டா இருக்கும்' என்று சமாளிப்பவர்களும் உண்டு. ஹார்மோன் கோளாறால் வரும் பருமன் ரொம்பக் குறைவு. ஆனால் பருமனால் வர்ற சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, கல்லீரலில் கொழுப்பு எல்லாம் இப்போ பிள்ளைகளுக்கே வருது.

அதுக்காகப் பட்டினி போட்டுடாதீங்க. வளர்ற பிள்ளைக்குப் பல சமயம் எடை ஏறாமப் பார்த்துக்கிட்டாலே போதும், உயரம் கூடக் கூட உடம்பு சரியாகிடும். எவ்வளவு எடை சரின்னு பக்கத்து வீட்டுப் பையனை வெச்சு முடிவு பண்ணாம, வயசு, உயரத்தை வெச்சு டாக்டர்கிட்ட பார்க்கணும். தினம் ஒரு மணி நேரம் வேர்க்க விளையாட்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 12 வயசு வரைக்கும் ராத்திரி ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேணும். பாட்டிலுக்குப் பதில் தண்ணி, மோர். பஃப்ஸுக்குப் பதில், இதே கிரிவலப் பாதையில் விக்கற சுண்டல், அவிச்ச வேர்க்கடலை. முக்கியமா, இதெல்லாம் பையனுக்கு மட்டும்னு இல்லாம மொத்த வீட்டுக்கும்!

பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான தீனி விற்கக் கூடாதுன்னு 2020-லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டாச்சு. டைம் கிடைச்சா உங்க ஏரியா ஸ்கூல் வாசலில் டேப் பிடிச்சு அளந்து பாருங்க.

கிளம்பும்போது பையனிடம் கேட்டேன், "பி.டி. பீரியட் கிடைச்சா என்ன விளையாடுவே?"

"கோல் கீப்பர்ண்ணா" என்றான் சட்டுனு.

பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. "இனி நீ குடிக்காத, உடம்பு போட்டுடும்" என்று அதை வாங்கின அப்பா, தொப்பை குலுங்க ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "குபேர லிங்கம் வரைக்கும் வாடா, அங்க உட்காரலாம்" என்று கை கொடுத்தார். பையன் எழுந்தான்.