தொண்டையின் உழைப்பை அளக்கும் கைத்தொலைபேசி

வயலில் குருவி கலைத்தவருக்கும், தகரக் கொட்டகையில் மழைச் சத்தத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவருக்கும் பொழுதுபடும் வேளையில் குரல் கம்மிப்போவதை நாம் அறிவோம். உறங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம். பலவேளைகளில் சரியாகியும் விடுகிறது. சரியாகாதபோதுதான் கேள்வி எழுகிறது.

குரல்வளைக்குள் இரண்டு சிறு தசை மடிப்புகள் உள்ளன. பேசும்போது அவை ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. ஆணுக்குச் செக்கனுக்கு 100 தடவைக்கு மேல்; பெண்ணுக்கு ஏறத்தாழ 200 தடவை. ஆசிரியை ஒருவரின் குரல் ஒரு நாளில் மொத்தமாக ஒரு மணித்தியாலம் ஒலித்தாலே 7 இலட்சம் மோதல்கள்! உரத்துக் கத்தினால் மோதலின் வேகமும் கூடும். மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு விழுவதுபோல அங்கும் விழும்.

வைத்தியரின் முன் சில நிமிடங்கள் மெதுவாகப் பேசிவிட்டு வருகிறோம். நாள் முழுவதும் தொண்டை பட்ட பாட்டை அவர் எப்படி அறிவார்? இதற்காக, அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையின் ரொபேட் ஹில்மன், டார்யூஷ் மேத்தா முதலிய ஆய்வாளர்கள் ஒரு முறையை உருவாக்கி 2012 இல் வெளியிட்டார்கள். கழுத்தின் அடியில், காறை எலும்புக்குச் சற்று மேலே, அதிர்வை உணரும் சிறு கருவியை ஒட்டி, கம்பியால் ஸ்மார்ட் போனுடன் இணைக்கிறார்கள். எவ்வளவு நேரம், எவ்வளவு உரத்து, எந்தச் சுருதியில் குரல் எழுந்தது என்பதைப் போன் கணக்கெடுக்கிறது. தோலின் அதிர்வு மட்டுமே பதிவதால் பேசிய சொற்கள் விளங்கமாட்டா. பதிவுக் கருவி என்றாலே கலங்கும் எம்மவருக்கு இது சிறிய விடயமல்ல.

அக்கருவி எமது ஊர்க் கடையில் கிடைப்பதல்ல. ஆனால் கையிலுள்ள போனில் குரற்பதிவும் மணிக்கூடும் உண்டு. வாரம் ஒருமுறை, காலையில், அமைதியான இடத்தில், போனை எப்போதும் அதே தூரத்தில் வைத்து ஒரே வசனத்தைப் பேசிப் பதிந்து வையுங்கள். பிறகு ஆழ மூச்செடுத்து 'ஆ' என்று இழுத்து, எத்தனை செக்கன் நிற்கிறது என்று பாருங்கள். சுகமாயுள்ள வளர்ந்தவர்கள் பெரும்பாலும் 15 செக்கனுக்கு மேல் இழுப்பார்கள். 10 இற்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும்.

போன் நோயின் பெயரைச் சொல்லாது, மாற்றத்தைத்தான் காட்டும். கம்மல் மூன்று, நான்கு வாரங்கள் நீடித்தால், அதிலும் பீடி, சுருட்டுப் பிடிப்பவராயின், காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணரிடம் போகவேண்டும். குரல்வளைப் புற்றுநோய் பலரில் முதலில் கம்மலாகவே தெரிகிறது. தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். மூச்சுத் திணறினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். போகும்போது போனையும் கொண்டுபோய், பழைய பதிவையும் புதியதையும் வைத்தியருக்குப் போட்டுக் காட்டுங்கள்.