ஆடிக்கு முன் வீட்டுத் தோட்டத்தில் செய்ய வேண்டியவை



கத்திரி வெயில் போய்விட்டது. ஆனாலும் மாடித் தளம் கால் வைக்க முடியாமல்தான் சுடுகிறது. பல வீடுகளில் பைகளில் இருந்த செடிகள் கருகிக் கிடக்கின்றன. மழை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் ஆடிப்பட்டம் தவறிவிடும். ஆடியில் நட வேண்டிய நாற்றுக்கு ஆனியிலேயே விதை போட்டாக வேண்டும்.

விலைவாசியை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. மாத உதவி பெறும் குடும்பங்களில், விலை ஏறும்போது சோற்றுத் தட்டிலிருந்து முதலில் குறைவது காய்தான். பத்துப் பைச் செடிகள் ஒரு வீட்டின் முழுத் தேவையையும் தீர்த்துவிடாது. மிளகாய்க்கும் கத்திரிக்காய்க்கும் கடைக்கு ஓடுவதை நிச்சயம் குறைக்கும்.

மிளகாய் நாற்று தயாராக 40 நாட்களுக்கு மேல் ஆகும். கத்திரிக்கு 30 முதல் 35 நாள். தக்காளிக்கு 25 நாள் போதும். ஆகவே மிளகாயையும் கத்திரியையும் ஆனி பிறந்த வாரத்திலேயே விதையுங்கள், தக்காளி பாதி ஆனி வரை காத்திருக்கலாம். நாற்றுத் தட்டை நிழலில் வைத்துப் பூவாளியால் காலையும் மாலையும் தெளித்தால் போதும். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தட்டைச் சுற்றி அடுப்புச் சாம்பல் தூவுங்கள்.

பழைய செடிகளில் எதை வைப்பது, எதைப் பிடுங்குவது? இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிப் போன வெண்டையை வைத்திருப்பதில் பயனில்லை. அந்தத் தேமல் நோயை வெள்ளை ஈ அடுத்த செடிக்குக் கொண்டு போகும். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழு. அந்த வேரை மக்கும் குழியில் போடக் கூடாது. கத்திரி மட்டும் விதிவிலக்கு. தண்டு உறுதியாக இருந்தால் தரையிலிருந்து ஓர் அடி விட்டு வெட்டி, எரு வைத்து நீர் ஊற்றுங்கள், புதிதாகத் துளிர்த்துக் காய்க்கும்.

காலியான பைகளின் மண்ணைத் தளத்தில் பரப்பி ஒரு வாரம் வெயிலில் காயவிடுங்கள். இவ்வளவு சிரமம் தரும் வெயிலிடம் நாம் வாங்கக்கூடிய வேலை இது ஒன்றுதான். பிறகு மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய எரு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து, ஈரமாகப் பத்து நாள் வைத்திருந்து நடலாம்.

இந்த ஆண்டுகளில் பக்ரீத் கோடையின் கடைசியில் வருவது தோட்டத்துக்கு வசதி. குர்பானிக்கு வாங்கிக் கட்டிய ஆட்டின் புழுக்கையைக் குப்பையில் கொட்டாமல், காய்ந்த இலையோடு கலந்து, நீர் தெளித்து மூடி வையுங்கள். இரண்டு மாதத்தில் நல்ல எருவாகிவிடும். இரத்தமும் குடல் கழிவும் வேறு விஷயம். அவற்றைத் தொட்டியில் புதைத்தால் நாயும் நாற்றமும்தான் மிஞ்சும். ஜமாஅத் ஏற்பாடு செய்த இடத்தில்தான் அவற்றைச் சேர்க்க வேண்டும்.

தண்ணீருக்கு எங்கே போவது என்று பெண்கள் கேட்கிறார்கள். ஐந்து வேளையும் ஒளு செய்த நீர் சாக்கடைக்குத்தானே போகிறது? அந்த நீர் சுத்தமானதே. மீண்டும் ஒளு செய்ய அது உதவாது, செடிக்கு ஊற்றத் தடையேதும் இல்லை. ஒரு வாளியை அடியில் வைத்துப் பிடித்து மாலையில் ஊற்றுங்கள். சோப்பு கலந்த நீரைச் சேர்க்க வேண்டாம். மண்மேல் தேங்காய் மட்டை அல்லது சருகு பரப்பினால் ஈரம் காயாது. எருவில் கை வைத்தவர்கள் தொழுகைக்கு முன் கையையும் உடையையும் கவனித்துக்கொள்ளவும்.

முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற கருத்தில் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அணில் கடித்த தக்காளிக்காக யாரும் வருந்த வேண்டாம்.

வெண்டை, அவரை, பீர்க்கன், புடலைக்கு நாற்று தேவையில்லை; ஆடி பிறந்ததும் நேரடியாக ஊன்றலாம். கொடி ஏறக் கயிறும் கம்பும் இப்போதே கட்டிவிடுங்கள். விதை வேண்டியவர்கள் ஜும்ஆவுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். இத்தாவில் இருக்கும் சகோதரிகள் சொல்லியனுப்பினால் போதும், இன்ஷா அல்லாஹ், வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறோம்.