ஆங்கில நிறைவு நிகழ்காலமும் தமிழ் மாணவரும்

பிறமொழியொன்றைப் பயில்வோர்க்கு அதன் சொற்கள் தரும் இடரினும் அதன் காலங்கள் தரும் இடரே பெரிது. சொல்லின் பொருளை அகராதி உரைக்கும். ஒரு காலத்தை எவ்விடத்தில் ஆளவேண்டும் என்பதை அகராதி உரையாது. ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர்க்கு இவ்வகையில் மிக்க மயக்கம் விளைப்பது, 'பிறெசென்ற் பேர்பெக்ற்' எனப்படும் நிறைவு நிகழ்காலமாகும். 'ஹாவ்' அல்லது 'ஹாஸ்' என்னும் துணைவினையோடு வினையின் மூன்றாம் வடிவம் சேர்ந்தால் இக்காலம் அமையும் என்பதை மாணவர் சின்னாளிற் கற்றுவிடுகின்றனர். அதனை எப்பொழுது வழங்குவது என்பதையோ பல்லாண்டு பயின்றும் சிலர் தெளிவதில்லை.

இம்மயக்கத்தால் வரும் கேடு, பரீட்சையில் இரண்டொரு புள்ளிகளை இழப்பதோடு அமையாது. எழுதுவினைஞர் ஒருவர் வேறொரு பதவிக்கு விண்ணப்பிக்கின்றார் எனக் கொள்வோம். தாம் ஓர் அலுவலகத்தில் ஐந்து ஆண்டு பணியாற்றியதைக் கூறுமிடத்து, 'ஐ வேர்க்ட்' என்று அவர் எழுதின், அப்பணியை விட்டு நீங்கியவராகவே கருதப்படுவார். 'ஐ ஹாவ் வேர்க்ட்' என்று எழுதின், இன்றும் அப்பணியில் உள்ளார் என்றே பெரும்பாலும் கொள்ளப்படும். ஒரு சிறு சொல் இருப்பதும் இல்லாததும் ஒருவரைப் பதவியிலிருப்பவராகவும் பதவியற்றவராகவும் காட்டிவிடுகின்றன.

காலம் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாம் என்று தொல்காப்பியரும் நன்னூலாரும் வகுத்தனர். இவ்வகுப்பிற் பழகிய மாணவர், ஆங்கில நிறைவு நிகழ்காலத்தைக் கண்டதும் அதனை இறந்தகாலத்தின் ஒரு கிளையெனக் கொண்டுவிடுகின்றனர். செயல் முடிந்துவிட்டதன்றோ, ஆகவே அஃது இறந்தகாலமே என்பது அவர் துணிபு. மயக்கத்தின் வேர் இதுவேயாம். பெயரே உணர்த்துமாறு, அது நிகழ்காலம். முன்னர் முடிந்த ஒரு செயலின் பயன் இப்பொழுது நிற்கும் நிலையைக் கூறுவது. 'ஐ லொஸ்ற் மை கீ' என்பார் கூறுவது, திறப்பு ஒருகால் தொலைந்தது என்பதே. பின்னர் அது கிடைத்திருத்தலுங் கூடும். 'ஐ ஹாவ் லொஸ்ற் மை கீ' என்பாரோ, இந்நேரம் பூட்டிய கதவின் முன்னே திறப்பின்றி நிற்கின்றார்.

இவ்வுண்மையைத் தமிழ் மாணவர் தம் மொழியிலேயே காணலாம். 'தொலைத்திருக்கிறேன்' என்பதில் 'தொலைத்து' என்பது இறந்தகால வினையெச்சம். 'இருக்கிறேன்' என்பது நிகழ்கால வினைமுற்று. வாக்கியத்தை முடித்துவைப்பது நிகழ்காலமே. ஆங்கிலத்திலும் 'ஹாவ்' என்பது நிகழ்காலம். அதனைத் தொடரும் 'லொஸ்ற்' எச்சம் போன்றது. வேற்றுமை துணைவினையில் உள்ளது. தமிழ் இருத்தற்பொருளை எடுத்தது. ஆங்கிலம் உடைமைப்பொருளை எடுத்தது. ஆயினும், 'ஐ ஹாவ் எ புக்' என்பதைத் தமிழர் 'என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது' என்றே கூறுவர். ஆகலின் இவ்விரு பொருள்களும் ஒன்றற்கொன்று சேய்மையானவை அல்ல.

ஆங்கிலத்தின் பழைய வரலாறும் இதற்குச் சான்றாகும். ஒன்பதாம் நூற்றாண்டில், அல்பிரட் அரசன் காலத்து ஆங்கிலத்தில், இவ்வமைப்பு உடைமைப்பொருளின் சாயலை முற்றும் விடாதிருந்தது. 'எழுதப்பட்ட நிலையில் ஒரு கடிதத்தை உடையேன்' என்பது போன்ற கருத்திலிருந்தே 'எழுதியிருக்கிறேன்' என்னும் கருத்துப் படிப்படியாக வளர்ந்தது. வருதல், போதல் முதலிய செயப்படுபொருள் குன்றிய வினைகள் பல, 'ஹாவ்' என்பதை விடுத்து, இருத்தற்பொருள் தரும் 'இஸ்' என்பதையே நெடுங்காலம் துணையாகக் கொண்டன. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் 'இஸ் கம்' என்னும் வழக்குப் பல இடங்களிற் காணப்படுகின்றது. 'வந்திருக்கிறான்' என்னும் தமிழ் வழக்கோடு அது பெரிதும் ஒத்திருத்தல் காண்க.

இனி, வழங்கும் முறையை நோக்குவோம். நிகழ்கால நிலையைக் கூறுவதாதலின், இக்காலம் கடந்து முடிந்த பொழுதைச் சுட்டும் சொற்களோடு இயையாது. நேற்று, சென்ற கிழமை, மூன்று நாளின் முன், 2019இல் என்பன வருமிடத்து இறந்தகாலமே வரல்வேண்டும். 'ஐ ஹாவ் சீன் ஹிம் யெஸ்ரடே' என்பது பிழை. 'ஐ சோ ஹிம் யெஸ்ரடே' என்பதே வழக்கு. இதுவரை, ஏற்கெனவே, இன்னும், இக்கிழமை என்பன போன்று இப்பொழுதைத் தொட்டுநிற்கும் சொற்களோ இக்காலத்தோடு நன்கு இயையும். 'இன்று காலை' என்னும் தொடர் இரண்டிற்கும் உரியது. காலை பத்து மணிக்குப் பேசுவார்க்கு அக்காலைப்பொழுது இன்னும் முடியவில்லை. அவர் 'ஐ ஹாவ் சீன் ஹிம்' எனலாம். மாலை நான்கு மணிக்குப் பேசுவார்க்கு அது கழிந்துவிட்டது; அவர் 'ஐ சோ ஹிம்' என்றே பெரும்பாலும் கூறுவர்.

இவ்விடத்திலேதான் தமிழ் வழக்கு மாணவரை இடறச் செய்கின்றது. காலையில் எழுந்து முற்றத்திற் புதிய காலடிகளைக் காண்பவர், 'இரவு யாரோ வந்திருக்கிறார்கள்' என்பர். வந்தவரை அவர் கண்டிலர்; அடையாளங்கொண்டு உய்த்துணர்ந்து கூறுகின்றார். இவ்வாறு அனுமானத்தை உணர்த்தும் ஆற்றல் தமிழ் வடிவத்துக்கு உண்டு. ஆதலின் 'இரவு', 'நேற்று' என்னும் சொற்களையும் அஃது ஏற்கும். ஆங்கில நிறைவு நிகழ்காலம் இவற்றை ஏலாது. அனுமானத்தைக் கூறவேண்டின் ஆங்கிலேயர் 'மஸ்ற் ஹாவ் கம்' என வேறொரு துணைவினையை நாடுவர். 'இருக்கிறேன்' வருமிடமெல்லாம் 'ஹாவ்' என மாற்றுவோர் பிழைபடுதற்குக் காரணம் இதுவாகும்.

எதிர்மறையில் மயக்கம் இன்னும் மிகும். 'அவன் வரவில்லை' என்னும் ஒரே தொடர் தமிழில் இரு நிலைக்கும் பயன்படுகின்றது. நேற்று நடந்த கூட்டத்துக்கு வராதவனையும், இப்பொழுது எதிர்பார்த்திருக்க இன்னும் வந்துசேராதவனையும் அது குறிக்கும். ஆங்கிலத்தில் முன்னையது 'டிட் நொற் கம்'. பின்னையது 'ஹாஸ் நொற் கம்'. முன்னையதில் வருகைக்குரிய வாயில் அடைபட்டுவிட்டது. பின்னையதில் அது திறந்தே கிடக்கின்றது. 'இன்னும்' என்னும் சொல்லைத் தமிழ்த் தொடரிற் சேர்த்துப் பார்த்து, பொருள் கெடாது நிற்குமாயின், ஆங்கிலத்தில் 'ஹாஸ் நொற்' வரும் எனத் துணியலாம்.

தொடர்ந்து நிகழும் செயலிலோ மறுதலையான இடர் எழுகின்றது. 'பத்து ஆண்டுகளாக இவ்வூரில் வாழ்கிறேன்' எனத் தமிழர் தனி நிகழ்காலத்தாற் கூறுவர். அதனை அப்படியே மாற்றி 'ஐ லிவ்' என்றோ 'ஐ ஆம் லிவிங்' என்றோ எழுதுதல் பெருவழக்கான பிழை. முன்னே தொடங்கி இன்றுவரை நீளும் நிலையை ஆங்கிலம் 'ஐ ஹாவ் லிவ்ட்' என நிறைவு நிகழ்காலத்தாலேயே கூறும். கால அளவைக் குறிக்கும் 'ஃபோர்' என்பதும் தொடக்கத்தைக் குறிக்கும் 'சின்ஸ்' என்பதும் தம்முள் மயங்குவன. இதற்கும் தமிழே துணைசெய்யும். 'பத்து ஆண்டுகளாக' என்பதில் வரும் 'ஆக' என்பது 'ஃபோர்'. '2015இலிருந்து' என்பதில் வரும் 'இலிருந்து' என்பது 'சின்ஸ்' என நினைவிற் கொள்க.

'ஹாஸ் கோன்', 'ஹாஸ் பீன்' என்னும் இரண்டன் வேறுபாடும் இந்நெறியாலேயே விளங்கும். கண்டிக்குப் போய் இன்னும் மீளாதவரை 'ஹாஸ் கோன்' என்பர். அவர் இப்பொழுது இங்கில்லை. போய் மீண்டவரை 'ஹாஸ் பீன்' என்பர். கண்டியைக் கண்ட அனுபவம் இப்பொழுது அவர்பால் உள்ளது.

1969ஆம் ஆண்டு யூலை 20இல் மனிதர் சந்திரனில் இறங்கினர். ஆண்டும் நாளும் சுட்டி இந்நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் எழுதுவோர் இறந்தகாலத்தையே ஆளவேண்டும். நாளைச் சுட்டாது, மனிதகுலம் இதுகாறும் அடைந்தவற்றை எண்ணுமிடத்து, 'மென் ஹாவ் வோக்ட் ஒன் த மூன்' என நிறைவு நிகழ்காலத்தால் எழுதலாம். நிகழ்ச்சி ஒன்றே; முன்னையது வரலாற்றுக் குறிப்பு, பின்னையது இன்றைய மனிதகுலத்தின் பேறு.

இவ்வரையறை எல்லா மொழிக்கும் எல்லா நாட்டுக்கும் பொதுவானதன்று. பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் இதனையொத்த வடிவம் 'நேற்று' என்பதோடும் இயல்பாக வரும். பிரித்தானியர் நிறைவு நிகழ்காலம் ஆளும் சில இடங்களில் அமெரிக்கர் தனி இறந்தகாலம் ஆளுவர். ஆதலின் இதிற் பிழைபடும் மாணவரை அறிவிற் குறைந்தவரெனக் கருதுதல் தகாது. ஒரு மொழியார் தம்முள் வகுத்துக்கொண்ட வழக்கை அவர் இன்னும் அறியவில்லை என்பதே உண்மை.

பயிலும் வழி எளியது. வினையின் மூன்று வடிவங்களை மனனஞ் செய்தல் இன்றியமையாதது. 'கோ, வென்ற், கோன்' என்பதை அறியாதார் 'ஹாவ் வென்ற்' என எழுதுவர். அதன்பின் ஆங்கிலப் பத்திரிகைச் செய்தி ஒன்றை நாள்தோறும் நோக்குக. புதிய செய்தியை முதல் வாக்கியம் பலகாலும் நிறைவு நிகழ்காலத்தால் அறிவிக்கும். எங்கே, எப்பொழுது, எவ்வாறு என விரிப்பன இறந்தகாலத்தால் வரும். அம்மாற்றம் நிகழும் இடத்தைக் கோடிட்டு, அதன் காரணத்தைத் தமிழில் எழுதிப் பழகுக. தாமே எழுதுமிடத்து, 'இச்செயலால் இப்பொழுது உள்ளது யாது?' என்னும் வினாவை முதலில் எழுப்புக. விடை உண்டாயின், கடந்த பொழுதைச் சுட்டும் சொல் தொடரில் உளதோ என நோக்குக. அஃது இல்லையாயின் 'ஹாவ்' வரும். விண்ணப்பம் எழுதும் எழுதுவினைஞரும் தம் பதவி இன்றும் தமக்கு உண்டோ என்று இவ்வாறு தம்மையே வினவிக்கொள்வாராயின், எழுதவேண்டிய சொல்லிற் பிழைபடார்.