அம்மாவின் இடுப்புவலியும் ஆய்வுதான்

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியைச் சேர்ந்தவர் அந்த மாணவி. பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தில் பட்டமும் முதுநிலைப் பட்டமும் முடித்திருக்கிறார். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், எழுதியதைப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும் என்றும் சென்ற மாதம் நம்மைத் தேடி வந்தார்.

மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். ஆய்வு முன்மொழிவுதான் ஒட்டாமல் இருந்தது. கைபேசி பார்க்கும் கல்லூரி மாணவர்களின் கழுத்துவலிக்கு இரண்டு பயிற்சிகளில் எது நல்லது என்பது தலைப்பு. ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டோம். "சீனியர் அக்கா ஒருத்தங்க செஞ்சதுங்க அய்யா. கொஞ்சம் மாத்தி எழுதியிருக்கேன். இப்படின்னா சுலபமா ஒத்துக்குவாங்கன்னு சொன்னாங்க" என்றார்.

"சரி, உங்க வீட்டுல யாருக்கு வலி?" என்றோம்.

சிரித்துவிட்டார். "வலி இல்லாதவங்க யாருன்னு கேளுங்க. அம்மா இருபத்தஞ்சு வருஷமா நடவுக்குப் போறாங்க, இடுப்பு நிமிர மாட்டேங்குது. அப்பா கரும்பு வெட்டுறவர், வலது கையைத் தோளுக்கு மேல தூக்க முடியாது. சித்தப்பா தூய்மைப் பணியாளர், அவருக்கு முட்டி."

அம்மாவுக்கு அவரே பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார். மூன்று நாள்தான் நடந்ததாம். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து உலை வைத்துவிட்டு வயலுக்கு ஓடுகிறவருக்கு, பாய் விரித்துப் படுத்து இருபது நிமிடம் காலை மடக்கி நீட்ட நேரம் ஏது? அப்படியானால் வரப்பில் நின்றபடியே, வேலைக்கு நடுவே இரண்டு நிமிடம் செய்யும் பயிற்சியால் பலன் கிடைக்குமா? "இதுதான் உங்கள் ஆய்வுக் கேள்வி" என்று சொன்னோம். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இதையெல்லாம் படித்தவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டார்.

நம் பிள்ளைகள் பலரும் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள். ஆய்வு என்றால் நமக்கு எட்டாத ஏதோ ஒன்று என்று நினைத்து, பிறர் எழுதியதைத் திருப்பி எழுதுகிறார்கள். ஒரு சின்ன உதாரணம் சொல்கிறோம். முழங்கால் வலியால் ஒருவருக்கு என்னென்ன வேலை தடைப்படுகிறது என்று அளக்க உலகெங்கும் வினாப் பட்டியல்கள் உண்டு. வெளிநாட்டில் உருவான அவற்றில் காரில் ஏறி இறங்க முடிகிறதா என்ற கேள்வி வரும். நாற்று முடியோடு சேற்றில் நடக்க முடிகிறதா, குத்துக்காலிட்டுக் களையெடுக்க முடிகிறதா, சம்மணமிட்டு எழ முடிகிறதா என்ற கேள்விகளை யார் சேர்ப்பது? வயலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் அவை உடனே தோன்றும்.

கேள்விகள் இத்தோடு முடியவில்லை. பக்கவாதம் வந்தவர் ஏன் இரண்டாம் வாரத்தோடு சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்? பேருந்துக் கட்டணமா, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி இழப்பா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அது ஊர்த்தெருவைப் போலவே காலனிக்கும் வந்து சேர்கிறதா? எல்லாமே முறையாக அளந்து, எண்ணிப் பார்த்து விடை காண வேண்டியவை.

இந்தப் படிப்புக்கும் நமக்கும் இன்னொரு உறவும் உண்டு. தொடாமல் பிசியோதெரபி இல்லை. மாணவி பயிற்சிக் காலத்தில் நடந்த ஒன்றைச் சொன்னார். தோள் இறுகிப்போன ஒரு பெரியவர். அவர் கையைப் பிடித்ததும் "எந்த ஊரு பாப்பா?" என்று கேட்டிருக்கிறார். ஊரைச் சொன்னதும் "எந்தத் தெரு?" என்ற கேள்வி. அதற்கும் பதில் சொன்னதும், வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். "டாக்டரேட் வாங்கிட்டா இப்படிக் கேக்க மாட்டாங்க இல்லையா?" என்று நம்மிடம் கேட்டார்.

கேட்க மாட்டார்கள் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் முனைவர் பட்டங்கள் பெற்ற அண்ணல் அம்பேத்கரையே இந்த நாடு தெருவைக் கேட்டது. ஆனால் முனைவர் பட்டம் வாங்கியவர் ஆசிரியராகலாம், ஆய்வு வழிகாட்டியாகலாம், நேர்முகத் தேர்வில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரலாம். எது ஆய்வு, எது ஆய்வில்லை என்று முடிவு செய்யும் இடம் அது. நம்மவர்கள் அங்கே இருந்தால்தான் நடவுக்காரியின் இடுப்புவலி ஆய்வுப் பொருளாகும். நாளைக்கு ஒரு மாணவியின் கையை ஒருவர் தட்டிவிட்டால், அதைத் துறைக் கூட்டத்தில் பேசவும் ஆள் இருக்கும்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிஎச்.டி. என்பது ஆய்வுப் பட்டம். அமெரிக்காவில் டி.பி.டி. என்று ஒன்று இருக்கிறது. அங்கே இயன்முறை மருத்துவராகத் தொழில் செய்வதற்கான அடிப்படைப் படிப்பே அதுதான். சுமார் 3 ஆண்டு. பெயரில் 'டாக்டர்' இருப்பதால் இரண்டும் ஒன்று என்று சொல்லிப் பணம் கேட்கும் முகவர்கள் உண்டு. எந்தப் பட்டம், அதற்கு உதவித்தொகை உண்டா என்று எழுத்தில் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

நம் நாட்டில் பிஎச்.டி.க்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் அடிப்படை. முதுநிலையில் 55 விழுக்காடு வேண்டும். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் பாதிக் கேள்விகள் ஆய்வு முறையியல், மீதி பாடம். அதில் 50 விழுக்காடு எடுத்தால் நேர்முகத் தேர்வு. நமக்கு அங்கேயும் 5 விழுக்காடு தளர்வு. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு கிடைக்கும். மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை எடுக்கலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே அறிவிப்பு வெளியிடும் என்பதால், சென்னை கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் உட்பட மூன்று, நான்கு இடங்களின் அறிவிப்பைத் தொடர்ந்து பார்த்து வர வேண்டும்.

வழிகாட்டி கிடைப்பதுதான் கடினம். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்ட முடியும். அறிவிப்பு வந்தபின் ஓடினால் இடம் இருக்காது. ஆறு மாதம் முன்பே, நீங்கள் எடுக்கும் பொருளில் ஏற்கெனவே எழுதியவர் யார் என்று பார்த்து, ஒரு பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதி அனுப்புங்கள். சிபாரிசு தேடி அலைவதைவிட அந்த ஒரு பக்கம் அதிகம் உதவும்.

அடுத்தது பணம். தமிழக அரசு, முழுநேர முனைவர் படிப்பில் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் தருகிறது. வேலையில் இருந்தபடி பகுதிநேரமாகச் சேர்ந்தால் இது கிடைக்காது. வெளிநாட்டில் முதுநிலையோ பிஎச்.டி.யோ படிக்க மாநில அரசு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியலினத்தவருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், மதிப்பெண் 60 விழுக்காடு இருக்க வேண்டும். ஒன்றிய அரசுத் திட்டங்களில் கிறித்துவ தலித்துகளைப் பட்டியலினமாகக் கணக்கிடுவதில்லை. அவர்கள் மாநில அரசுத் திட்டங்களையே முதலில் நாட வேண்டும்.

பட்டியலின மாணவர்களுக்கான தேசிய ஆய்வு நிதிதான் பெரிய உதவி. தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய். ஆனால் அதற்குத் தேர்வாக நெட் தேர்வு வழியாக வர வேண்டும். நெட் பாடப் பட்டியலில் பிசியோதெரபி என்ற பாடமே இல்லை. நம் பிள்ளை முதுநிலை வரை படித்த பாடத்தில் தேர்வு எழுதவே வழியில்லாதபோது, நிதி இருந்தும் என்ன பயன்? நெட் பட்டியலில் இந்தப் பாடத்தைச் சேர்க்க வேண்டும். அதுவரை பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் அடிப்படையில் நிதி தர வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் எழுப்ப வேண்டும் என்று கேட்கிறோம். மாணவர் அமைப்புகளும் மனு கொடுக்கலாம்.

சான்றிதழ்களைக் கடைசி நாளுக்கு விட வேண்டாம். சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வருமானச் சான்றிதழைப் புதிதாக இ-சேவை மையத்தில் வாங்கி வையுங்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் உதவித்தொகை விவரம் கேட்கலாம். அது உங்கள் உரிமை. நின்றபடி கெஞ்சத் தேவையில்லை.

அந்த மாணவி போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். பழைய முன்மொழிவைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நான்கு நாள் அம்மாவுடன் நடவுக்குப் போயிருக்கிறார். குழுவில் இருந்த பெண்களிடம் எப்போது வலி கூடுகிறது, யார் எவ்வளவு நேரம் குனிகிறார்கள், வலித்தால் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறார். அதை வைத்து எழுதிய புதிய பக்கத்தை ஒரு பேராசிரியருக்கு அனுப்பியிருக்கிறார். நேரில் வரச் சொல்லிப் பதில் வந்திருக்கிறதாம்.

"எங்கம்மாதான் இன்னும் நம்பலை. நாத்து நடுறதைப் பாத்து எழுதினா அதுக்கெல்லாமா பட்டம் தருவாங்கன்னு கேக்குறாங்க" என்றார்.

தருவார்கள், அம்மா. உங்கள் மகள் விண்ணப்பம் போட்டுவிட்டாள்.