எடை ஒன்று, நஞ்சு இரண்டு

மாதவரம் என்றால் சென்னைக்காரர்களுக்குப் பால்பண்ணைதான். தீவனத்திலும் உணவிலும் மருந்து எச்சம், பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றும் அதே பால்பண்ணை வட்டாரத்தில்தான் இருக்கிறது.

பாலைப் பொறுத்தவரை முக்கிய எதிரி அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. ஈரம் கோத்த கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பிடிக்கும் ஒருவகைப் பூசணம் அதன் பி1 வகையை உண்டாக்கும். அதைத் தின்ற மாட்டின் ஈரல், அந்த நஞ்சில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்து எம்1 ஆக்கிப் பாலில் இறக்கிவிடும். 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368இல் எம்1 வரம்பு மீறியிருந்தது. அதில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரிகளில் 88. பாலில் தண்ணீர் கலந்தால் கொதித்தெழும் நாம் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

வரம்பு என்பது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், அதாவது 2,000 டன் பாலில் ஒரு கிராம். இவ்வளவு நுண்ணிய அளவையும், மூலக்கூறுகளை எடைபோடும் நிறை நிறமாலைமானி பிடித்துவிடும். ஆனால் எடையை மட்டும் வைத்து ஆளை அடையாளம் சொல்ல முடியாது. எம்1க்கும், தீவனத்தில் வரும் இன்னொரு அஃப்ளடாக்சினான ஜி1க்கும் அணுக்களின் எண்ணிக்கை அப்படியே ஒன்று. புரோட்டான் ஏறியதும் இரண்டுமே 329 என்று காட்டும்.

அதனால் உடைத்துப் பார்க்கிறார்கள். ஜெர்மனியின் வோல்ஃப்காங் பால் 1950களில் உருவாக்கி, 1989இல் நோபல் பரிசு பெற்ற அயனிப் பொறி இதற்கு வாகானது. ஒரு வளைய மின்முனை, மேலும் கீழும் இரண்டு மூடிகள், நடுவே சிறிது ஹீலியம். அலையும் மின்புலம் அயனிகளை வெளியேற விடாமல் சுழல வைக்கும். 329ஐ மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதைத் துரத்திவிட்டு, அதன் ஆட்டத்துக்கு ஏற்ற அதிர்வெண்ணில் உசுப்பினால், ஹீலியத்தில் மோதி மோதிப் பலவீனமான பிணைப்பில் உடையும். எம்1 இரண்டு கார்பன் மோனாக்சைடை உதறி 273 ஆகும். 259 என்ற துண்டும் வரும். ஜி1இல் முக்கியத் துண்டு 243. குட்டு வெளிப்பட்டுவிட்டது.

துண்டை அதே பொறியில் மறுபடி உடைத்து, அதன் துண்டையும் உடைக்கலாம். முன்பின் தெரியாத மூலக்கூறின் கட்டமைப்பை அறிய இது உதவும். குறையும் உண்டு: மூல எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழான துண்டுகள் பொறியில் நிற்காது. அன்றாட அளவெடுப்புக்கு மும்மைக் குவாட்ருபோல் கருவியைத்தான் பெரும்பாலும் நம்புகிறார்கள்.

காய்ச்சினாலும் பாஸ்டரைஸ் செய்தாலும் எம்1 போகாது. மாடு வைத்திருப்பவர்கள் பூசணம் பிடித்த புண்ணாக்கைத் தொட்டியில் போடாமல் குப்பையில் கொட்டிவிடுங்கள்.