காப்பகத்தில் குழந்தைக்கு ஒரு மடி

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்யப்பட்ட திருத்தம், முதல் இரு பேறுகளுக்கு 26 வார விடுப்பை உறுதிசெய்தது. விடுப்பு முடிந்து தாய் பணிக்குத் திரும்புகையில், குழந்தை பெரும்பாலும் யார் தூக்கினாலும் சிரித்துக்கொண்டே போகும். எட்டாம் மாத வாக்கில் அதே குழந்தை காப்பக வாசலில் வீறிட்டு அழும். காப்பகம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பெற்றோர் எங்களிடம் கலங்கி வருவது அப்போதுதான். தன்னவர் யார், பிறர் யார் என்று பிரித்தறியக் குழந்தை கற்றுக்கொண்டதன் அடையாளமே அந்த அழுகை.

காப்பகம் தேடுவோர் சுவர்ச் சித்திரங்களையும் கண்காணிப்புக் கேமராவையும் பார்க்கின்றனர். நாங்கள் முதலில் கேட்கச் சொல்வது வேறு: இக்குழந்தைக்கு ஊட்டுபவர், துணி மாற்றுபவர், உறங்க வைப்பவர் யார்? நாளையும் அவரேதானா?

இங்கிலாந்தில் ஜேம்ஸ், ஜாய்ஸ் ராபர்ட்சன் தம்பதியர் 1969-இல் வெளியிட்ட ஆவணப்படத்தில் ஜான் என்னும் 17 மாதச் சிறுவன் வருகிறான். தாய் இரண்டாம் பிரசவத்துக்குச் சென்றிருந்த ஒன்பது நாள்களும் அவன் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருந்தான். அங்கிருந்த செவிலியர் அன்பற்றவர் அல்லர்; ஆயினும் முறைவைத்து மாறிக்கொண்டேயிருந்தனர்; எந்தக் குழந்தைக்கும் இன்னார் என்று இல்லை. ஒவ்வொருவரையும் நாடிப் பார்த்த ஜான், கடைசியில் பெரிய கரடி பொம்மை ஒன்றைக் கட்டிக்கொண்டு கிடந்தான். திரும்பி வந்த தாயிடமும் அவன் போக மறுத்தான். ஆயாக்கள் மாதந்தோறும் மாறும் காப்பகத்தை நாங்கள் ஐயத்தோடு நோக்குவது இதனால்தான். அவர்களுக்குத் தரப்படும் சொற்ப ஊதியமும் இதற்கு ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

குழந்தை விளையாடும்போது கண்ணில் படாமல் நழுவிவிடும்படி வீட்டுப் பெரியவர்கள் கூறுவதுண்டு. இதில் நாங்கள் உடன்படவில்லை. ஒருமுறை ஏமாந்த குழந்தை மறுநாள் விளையாடாது; வாசலையே பார்த்திருக்கும். நாள்தோறும் ஒரே சொற்களில், சுருக்கமாக விடைபெற்றுச் செல்லுங்கள். ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதி இருக்கவேண்டும் என்பதும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்குச் சென்றுவரலாம் என்பதும் சட்டம். மீண்டும் அழுமே என்றஞ்சி அவ்வுரிமையைக் கைவிட வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கு அது மிகவும் உதவும். தாயின் பழஞ்சேலைத் துண்டு ஒன்று விழித்திருக்கையில் ஆறுதல் தரும்; ஓராண்டு நிறையாத குழந்தை உறங்குமிடத்தில் மட்டும் அதை வைக்கலாகாது.

மாலையில் குழந்தை ஆயாவின் தோளை விட்டு வர மறுத்தால் சில தாய்மாருக்கு நெஞ்சு சுடுகிறது. பாட்டியும் அத்தையும் சித்தியும் வளர்த்த குழந்தைகள் தாயை மறந்ததில்லை. பகலெல்லாம் அமைதியாக இருந்துவிட்டு உங்களைக் கண்டதும் அழும் குழந்தையும் உங்களை வெறுக்கவில்லை. அடக்கி வைத்திருந்ததை உங்களிடம் கொட்டுகிறது.

சில வாரங்கள் கழிந்தும் குழந்தை அங்கு எவரையும் நாடாமலிருந்தாலோ, உணவும் உறக்கமும் குறைந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ எங்கள் குழந்தைநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். பழகிய ஆயா விலகுவதாயின், புதியவரோடு சில நாள்களேனும் சேர்ந்திருந்து குழந்தையை ஒப்படைத்துச் செல்லுமாறு காப்பகத்தாரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.