மேசைக்கு யார் வருவது? ஜேர்மனியரின் பேச்சுவார்த்தை மரபு

ஜேர்மன் மொழியில் ஒப்பந்தத்தை ‘ஃபெர்ட்ராக்’ என்பார்கள். வீட்டு வாடகைக்கு எழுதும் பத்திரமும் ஃபெர்ட்ராக்தான், இரண்டு அரசுகள் கைச்சாத்திடும் உடன்படிக்கையும் ஃபெர்ட்ராக்தான். அதே வேரில் ‘ஃபெர்ட்ராகன்’ என்றொரு வினைச்சொல்லும் உண்டு. சண்டை பிடித்த பிள்ளைகளைப் பார்த்து “ராசியாகுங்க” என்று நம் வீடுகளில் உம்மா சொல்வாரே, அந்த இடத்தில் ஜேர்மன் தாய்மார் பாவிப்பது இந்தச் சொல்லைத்தான். நமக்கு ஒப்பந்தம் கந்தோருக்குரியது, ராசியாவது வீட்டுக்குரியது. அவர்களுக்கு இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள்.

பேச்சுவார்த்தைக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் ‘ஃபெர்ஹாண்ட்லுங்’. நீதிமன்ற விசாரணைக்கும் அதே சொல்தான். இதன் பொருத்தம் எனக்கு விளங்கியது இடார்-ஓபர்ஸ்டைன் நகரில். இரத்தினக்கல் பட்டை தீட்டுவதற்குப் பேர்போன ஊர் அது. பேருவளையைச் சேர்ந்த எங்கட மாமா ஒருவருக்கு மொழிபெயர்க்க அங்கு போயிருந்தேன். கொண்டுபோனது நீலக்கல் இரண்டு. வாங்க வந்த மனிதர் முதலில் ஒரு கடதாசியை எடுத்து வைத்தார். நிறை எத்தனை கெரட், கல் சுட்டதா சுடாததா, எந்த ஆய்வுகூடத்தின் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். விலை வந்தபோது மாமா வழமைபோல் மூன்று மடங்கு கூட்டிச் சொன்னார். எதிராளி பாதிக்கும் கீழே கேட்பார், பிறகு தேநீர் வரும், பேச்சு தொடங்கும் என்பது அவர் கணக்கு. அந்த மனிதர் குறைத்துக் கேட்கவில்லை. கோப்பை மூடிவிட்டார். மாமா என் பக்கம் திரும்பி, “மகன், இவன் வெல பேச வந்தானா, வழக்குப் பேச வந்தானா?” என்று கேட்டார்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அந்த விலைக்கு என்ன காரணம் என்பதை அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று மட்டும் மாமாவிடம் சொன்னேன். மாமா வேறொரு விலையை, காரணங்களோடு சொன்னார். கோப்பு மறுபடி திறந்தது. முடிவில் அந்த இரண்டாம் விலையிலிருந்து சிறிதளவே இறங்கவேண்டி இருந்தது. மாமாவுக்கு லாபந்தான், ஆனாலும் பேரம் பேசின திருப்தி இல்லை என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வியாபார வழிகாட்டி நூல்கள் இதை ‘ஜேர்மனியர் குணம்’ என்று சொல்லி முடித்துவிடும். நேரம் தவறமாட்டார்கள், சுற்றி வளைக்கமாட்டார்கள், எழுத்தில் இல்லாததை நம்பமாட்டார்கள் என்று பட்டியல் போடும். குணம் என்று சொல்லிவிட்டால் மற்றவர் அதிலிருந்து படிக்க ஒன்றும் மிஞ்சாது. வரலாற்றைப் புரட்டினால் இது பிறவிக் குணமாகத் தெரியவில்லை. பேச்சு முறிந்து அழிந்தும், பேசி மீண்டும், திரும்பவும் முறித்து அழிந்தும் ஒரு சமூகம் செய்துகொண்ட ஏற்பாடாகவே எனக்குப் படுகிறது. அந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பலமும் ஒரு குறையும் சேர்ந்தே இருக்கின்றன. சிறுபான்மையாக வாழ்வோர் இரண்டையும் கவனிக்க வேண்டும்.

பேசுவதற்கு முன் ஒரு பேச்சு

1618 இல் தொடங்கிய யுத்தம் 30 ஆண்டுகள் ஜேர்மன் நிலங்களை நாசமாக்கியது. கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தினருக்கும் இடையில் மூண்ட நெருப்பில் ஸ்பெயின், டென்மார்க், சுவீடன், பிரான்ஸ் எல்லாம் வந்து குளிர்காய்ந்தன. சமாதானம் பேசுவோம் என்ற முடிவுக்கு வந்தபிறகும் உடனே பேச்சு தொடங்கவில்லை. எந்த ஊரில் பேசுவது, யார் யாரோடு பேசுவது என்பதைத் தீர்மானிக்கவே 1641 டிசெம்பரில் ஹம்பர்க் நகரில் தனியாக ஓர் உடன்படிக்கை செய்யவேண்டி இருந்தது.

அதன்படி பேரரசரின் தூதர்கள் சுவீடனோடு ஒஸ்னாப்ரூக் நகரிலும், பிரான்சோடு மூன்ஸ்டர் நகரிலும் பேசினார்கள். இரண்டுக்கும் இடையில் சுமார் 50 கிலோமீற்றர். பாப்பரசரின் பிரதிநிதி ஃபாபியோ கீஜி புரட்டஸ்தாந்தினரோடு ஒரே மேசையில் அமரமாட்டார். ஆகவே ஒரே மேசை என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. எல்லோரும் கூடிய பொதுக்கூட்டம் ஒன்றுகூட நடைபெறாமல், கடதாசிகளும் தூதர்களும் ஊருக்கு ஊர் அலைந்து 1648 ஒக்டோபர் 24 அன்று வெஸ்ட்பாலியச் சமாதானம் கைச்சாத்தானது. பேச்சு நடந்த ஆண்டுகள் முழுவதும் வெளியே யுத்தமும் ஓயவில்லை.

அந்த உடன்படிக்கையில் என்னை நிறுத்திவைத்த விடயம் ஒன்றுண்டு. பேரரசின் சபையில் மதம் சம்பந்தப்பட்ட கேள்வி வந்தால் பெரும்பான்மை வாக்கால் அதைத் தீர்க்கக் கூடாது. சபை கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தினர் என்று இரண்டு அணிகளாகப் பிரிந்து அமர வேண்டும். இரு அணிகளும் இணங்கினால்தான் முடிவு. தலைகளை எண்ணித் தீர்க்கக்கூடாத விடயங்கள் சில உண்டு என்பதை யுத்தத்தால் களைத்த மனிதர்கள் 1648 இலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

மதச் சொத்துகளும் வழிபாட்டு உரிமைகளும் யாருக்கு என்ற சச்சரவுக்கு 1624 ஆம் ஆண்டை அளவாக வைத்தார்கள். அந்த ஆண்டு யார் கையில் இருந்ததோ அது அவருக்கே. யார் பக்கம் நியாயம் என்று தோண்டிக்கொண்டிருந்தால் விடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓக்ஸ்பர்க் நகரில் பதவிகளை இரு தரப்பாரும் சமமாகப் பகிர்ந்தார்கள். ஒஸ்னாப்ரூக் மறைமாவட்டத்தை ஒருமுறை கத்தோலிக்க ஆயரும் அடுத்தமுறை புரட்டஸ்தாந்தினர் ஒருவரும் மாறிமாறி ஆண்டார்கள். எதிர்ப்பு வரும் என்று தெரிந்து, எவர் ஆட்சேபித்தாலும் அது செல்லாது என்று உடன்படிக்கைக்குள்ளேயே ஒரு வாசகத்தையும் சேர்த்தார்கள். எதிர்பார்த்தபடியே பாப்பரசர் ஆட்சேபித்தார். உடன்படிக்கை அசையவில்லை.

ஆனால் அந்தப் பத்திரம் ஏற்றுக்கொண்டது கத்தோலிக்கம், லூத்தர் வழி, கல்வின் வழி ஆகிய மூன்று பிரிவுகளை மட்டுமே. யூதர்களும் சிறிய கிறிஸ்தவக் குழுக்களும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றார்கள். மேசையில் இருப்பவருக்கு அசையாத உரிமை, இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை. இந்தக் குறை பிறகும் திரும்பத் திரும்ப வருவதைக் காண்போம்.

முறிந்த பேச்சின் விலை

முதலாம் உலக யுத்தம் தோல்வியில் முடிந்த அதே வாரத்தில், 1918 நவம்பர் 15 அன்று, ஹூகோ ஸ்டின்னெஸ் என்ற பெருமுதலாளியும் கார்ல் லெகியன் என்ற தொழிற்சங்கத் தலைவரும் ஓர் உடன்பாட்டில் கைச்சாத்திட்டார்கள். தொழிற்சங்கங்களைத் தொழிலாளரின் பிரதிநிதிகளாக முதலாளிமார் ஏற்றார்கள். எட்டு மணிநேர வேலைநாளுக்கும் சம்மதித்தார்கள். அதுவரை எதிரிகளாகப் பார்த்துக்கொண்டவர்கள் கூட்டுப் பேரத்துக்கு வந்தது சாதாரண மாற்றமல்ல.

அந்த மரபு வேர்பிடிக்க முன்னரே காற்று மாறியது. 1930 மார்ச்சில் ஹெர்மன் மூல்லரின் கூட்டரசாங்கம் உடைந்தது. வேலையற்றோர் காப்புறுதிக்கான கட்டணத்தை உயர்த்துவதா இல்லையா என்பதே முறிவுக்கு உடனடிக் காரணம். வித்தியாசம் நூற்றுக்கு அரை அளவுதான். அதில் இணங்க முடியாமல் போன பிறகு, பாராளுமன்றப் பெரும்பான்மையின் பலத்தில் நின்ற அரசாங்கம் வைமார் குடியரசில் மீண்டும் அமையவில்லை. ஜனாதிபதியின் அவசரச் சட்டங்களால் ஆட்சி நடந்தது. 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். அதே ஆண்டு மே 2 ஆம் திகதி தொழிற்சங்கக் கட்டடங்களை நாஜிகள் கைப்பற்றினார்கள். ஹிட்லர் வந்ததற்கு அந்த அரை வீதம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவரவில்லை. விட்டுக்கொடுப்பதைத் தோல்வியாகப் பார்த்த ஓர் அரசியல் எங்கே போய் முடியும் என்பதை அது காட்டியது.

சண்டைக்கு முக்கால், சமாதானத்துக்குக் கால்

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய மேற்கு ஜேர்மனி இந்தப் பாடத்தைச் சட்டமாக்கியது. 1949 ஏப்ரலில் கூட்டு ஒப்பந்தச் சட்டம் வந்தது. சம்பளத்தையும் வேலை நிபந்தனைகளையும் தொழிற்சங்கமும் முதலாளிமார் சங்கமும் தாங்களே பேசித் தீர்ப்பார்கள். அரசாங்கம் அதற்குள் தலையிடாது. நாடு முழுவதுக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2015 ஜனவரியில்தான் வந்தது. அதுவரை அந்த விடயத்தைக்கூடப் பெரும்பாலும் மேசைக்கே விட்டிருந்தார்கள்.

ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும் காலத்தில் அதில் தீர்த்த விடயத்துக்காக வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. அதைச் ‘சமாதானக் கடமை’ என்கிறார்கள். காலம் முடிந்து பேச்சும் சரிவராவிட்டால், உலோகத் தொழிலாளர் சங்கமான இகே மெட்டால் தன் அங்கத்தவரிடம் வாக்குக் கேட்கும். வேலைநிறுத்தம் தொடங்க 75 சதவீதம் பேர் ஆம் என்று சொல்ல வேண்டும். வேலைநிறுத்தத்துக்குப் பின் எட்டிய உடன்பாட்டை ஏற்க 25 சதவீதம் பேர் போதும். சண்டையைத் தொடங்க முக்கால்வாசிப் பேர், முடிக்கக் கால்வாசிப் பேர். பேச்சுவார்த்தை பற்றிய ஒரு முழுப் புத்தகத்தின் சாரம் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தொழிற்சாலைக்குள்ளும் மேசை போட்டார்கள். 1951 இல் நிலக்கரி, உருக்குக் கம்பனிகளின் மேற்பார்வைச் சபையில் தொழிலாளருக்குச் சரிபாதி ஆசனம் கிடைத்தது. 1976 ஆம் ஆண்டுச் சட்டம் 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பனிகளுக்கு, சற்று மாறிய வடிவத்தில், அதை விரித்தது. கூட்டரசாங்கம் அமைக்கும் கட்சிகளும் இதே வழியில்தான் போகின்றன. 2025 இல் கிறிஸ்தவ ஜனநாயக அணியும் சமூக ஜனநாயகக் கட்சியும் எழுதிய கூட்டணி ஒப்பந்தம் 144 பக்கங்கள். சமூக ஜனநாயகக் கட்சி அதைத் தன் அங்கத்தவரின் வாக்கெடுப்புக்கும் விட்டது.

நாற்காலி இல்லாதவர்கள்

1961 ஒக்டோபரில் மேற்கு ஜேர்மனி துருக்கியோடு ஆட்சேர்ப்பு உடன்படிக்கை செய்தது. அரசுகள் இரண்டும் பேசி முடித்தன. ரயில் ஏறிப் போனவர்களோடு யாரும் பேசவில்லை.

1973 இல் கொலோன் நகரின் ஃபோர்ட் தொழிற்சாலையில் சுமார் 12,000 துருக்கியர் வேலை செய்தார்கள். பாரமான, வேகமான வேலைகள் பெரும்பாலும் அவர்கள் தலையில். நான்கு கிழமை விடுமுறையில் அனத்தோலியாவுக்குத் தரைவழியே போய்வர நாட்கள் போதாது. அந்தக் கோடையில் பிந்தித் திரும்பிய சுமார் 300 துருக்கியரை நிர்வாகம் வேலைநீக்கம் செய்தது. ஆகஸ்ட் 24 அன்று வேலை நின்றது. நீக்கியவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும், மணிக்கு ஒரு மார்க் கூட்ட வேண்டும், பட்டியின் வேகத்தைக் குறைக்க வேண்டும், விடுமுறையை ஆறு கிழமையாக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

அவர்கள் தங்களுக்கென ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தார்கள். நிர்வாகம் அந்தக் குழுவோடு பேசவில்லை. சட்டப்படி பேசவேண்டிய தொழிலாளர் சபையோடு பேசியது. அந்தச் சபையில் துருக்கியரின் குரல் மிகப் பலவீனமானது. வெளிநாட்டவர் தொழிலாளர் சபைத் தேர்தலில் நிற்கும் உரிமையே அதற்கு முந்திய ஆண்டு, 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்திருந்தது. தொழிற்சங்கமும் வேலைநிறுத்தத்தை ஆதரிக்கவில்லை. 280 மார்க் விலைவாசிப் படி என்ற உடன்பாட்டோடு ஜேர்மன் தொழிலாளரில் பெரும்பாலோர் விலகிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 30 அன்று பொலிஸ் உள்ளே வந்து வேலைநிறுத்தத்தை முடித்துவைத்தது.

இதில் எவரும் சட்டத்தை மீறியதாக நிர்வாகம் மீது குற்றம் காண்பது கடினம். ஒழுங்காக அமைத்த மேசை ஒழுங்காகவே இயங்கியது. அதில் நாற்காலி இல்லாதவரின் நியாயம் அந்த அறைக்குள் போகவே இல்லை. அதைத்தான் குறை என்று முன்னே சொன்னேன்.

மறுபடியும் ஹம்பர்க்

மேசையைத் திறக்கவும் ஜேர்மனியர் அறிவார்கள் என்பதற்கு 1989 சாட்சி. கிழக்கு ஜேர்மனியில் ஆட்சி ஆட்டம் கண்டபோது, டிசெம்பர் 7 அன்று பேர்லினில் வட்டமேசை கூடியது. ஆளும் கட்சியும் நேற்றுவரை பொலிஸ் துரத்திய எதிர்ப்புக் குழுக்களும் எதிரெதிரே அமர்ந்தன. தேவாலயத் தரப்பினர் தலைமை தாங்கினார்கள். 1990 மார்ச் 18 இல் நடந்த சுதந்திரமான தேர்தலுக்கு அந்த மேசை வழி செய்தது.

முஸ்லிம்களுக்கு நாற்காலி வரக் காலம் எடுத்தது. 2006 செப்டெம்பரில் உள்துறை அமைச்சர் வொல்ஃப்காங் ஷொய்ப்லே ஜேர்மன் இஸ்லாம் மாநாட்டைத் தொடங்கினார். அங்கே எழுந்த முதற் சிக்கல் யாரோடு பேசுவது என்பதே. தேவாலயங்களோடு உடன்படிக்கை செய்து பழகிய அரசு, எதிரே கைச்சாத்திடக்கூடிய ஓர் அமைப்பை எதிர்பார்த்தது. முஸ்லிம்களிடம் பல சங்கங்கள் இருந்தன, பொதுவான ஒரு தலைமை இருக்கவில்லை.

ஹம்பர்க் மாநிலம் ஒரு வழி கண்டது. பல ஆண்டுப் பேச்சுக்குப் பின் 2012 நவம்பர் 13 அன்று மூன்று முஸ்லிம் அமைப்புகளோடு சேர்த்து ஒரே உடன்படிக்கை செய்தது. அலெவி சமூகத்தோடு அதே நாளில் தனியாக ஒன்று. பள்ளிவாசல் அமைத்தல், பாடசாலையில் சமயக் கல்வி, ஜனாஸா அடக்கம் ஆகியவை அதில் உண்டு. இரண்டு பெருநாட்களுக்கும் ஆஷூரா தினத்துக்கும் வேலைக்குப் போவோரும் மாணவரும் விடுப்புப் பெறலாம். தவறிய வேலைநேரத்தைப் பிறகு ஈடுசெய்ய வேண்டும்.

இவற்றில் பெரும்பகுதி அரசியலமைப்பில் ஏற்கெனவே உள்ள உரிமைதானே, புதிதாக என்ன கிடைத்தது என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனாலும் யாரோ ஒருவர் மனமிரங்கித் தந்த சலுகைக்கும், இரு தரப்பும் கைச்சாத்திட்ட பத்திரத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. சலுகை தந்தவர் மாறினால் போய்விடும். பத்திரத்தை மாற்ற வேண்டுமென்றால் திரும்பவும் நம்மைக் கூப்பிட்டுத்தான் பேச வேண்டும்.

பேச்சுவார்த்தை என்றதும் நாம் பெரும்பாலும் என்ன கேட்பது என்பதிலேயே நிற்கிறோம். ஜேர்மன் அனுபவம் அதற்கு முன்னால் மூன்று கேள்விகளை வைக்கிறது. மேசையில் யார் இருப்பார்கள்? எந்த விடயங்களைத் தலை எண்ணித் தீர்க்கக் கூடாது? நம் பக்கத்தில் கையெழுத்து வைப்பவர் யார்? முதலிரண்டுக்கும் விடை மற்றவர்களோடு சேர்ந்து தேட வேண்டியது. மூன்றாவதற்கு ஹம்பர்க்கின் மூன்று அமைப்புகளும் தங்களுக்குள் முதலில் ஓர் உடன்பாட்டுக்கு வரவேண்டி இருந்தது. அந்த வேலையை அவர்களுக்காக வேறு எவரும் செய்து கொடுக்கவில்லை.